தொழில் தொடங்குகிறவர்களுக்கு: லாபத்தைப் பார்ப்பதற்கு முன் ரொட்டேஷனைப் பாருங்கள்

விருதுநகர் பக்கத்தில் 27 வருடமாக மசாலாப் பொடித் தொழில் செய்துவருகிறேன். மல்லி, மிளகாய் வத்தல், மஞ்சள் வாங்கிக் காயவைத்து, வறுத்து, அரைத்து, பாக்கெட் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிற வேலை. மாதத்துக்கு நாலைந்து பேராவது வந்து, "அண்ணாச்சி, சொந்தமா ஏதாவது ஆரம்பிக்கலாம்னு இருக்கேன், எங்கேயிருந்து தொடங்குறது?" என்று கேட்கிறார்கள். வேலையை விட்டு வந்த பையன்கள், வீட்டில் இட்லிப் பொடி இடித்து விற்கிற பெண்கள், வெளிநாட்டிலிருந்து சேமிப்போடு திரும்பியவர்கள் என்று எல்லாரும் வருகிறார்கள். ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து சொன்னதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். உதாரணம் எல்லாம் பொடித் தொழிலிலிருந்து வரும், ஏனென்றால் எனக்குத் தெரிந்தது அதுதான். நீங்கள் ஊறுகாய் போட்டாலும் செக்கு எண்ணெய் ஆட்டினாலும் நைட்டி தைத்தாலும் கணக்கு பெரிதாக மாறாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நஷ்டத்தால் மூடிய தொழில்களைவிட, லாபத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே மூடிய தொழில்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். நோட்டில் லாபம் எழுதியிருக்கும், திங்கட்கிழமை வத்தல் வாங்கக் கையில் காசு இருக்காது. போட்ட காசு எத்தனை நாளில் கைக்குத் திரும்புகிறது என்பதைத்தான் தலைப்பில் ரொட்டேஷன் என்றேன். கீழே வருகிற எல்லாமே இந்த ஒரு ஆபத்திலிருந்து தப்பிக்கத்தான்.

மெஷின் வாங்காமல் தொடங்குங்கள்

புதிதாக வருகிறவர்கள் செய்கிற முதல் காரியம் மெஷின் விலை விசாரிப்பது. கையில் 5 லட்சம் இருந்தால் நாலரை லட்சத்துக்கு அரவை மெஷினும் பாக்கெட் மெஷினும் வாங்கிவிடுவார்கள். மீதி ஐம்பதாயிரத்தில் சரக்கு எடுத்து, அரைத்து, கடைக்குக் கொடுத்து, அந்தக் காசு திரும்பி வருவதற்குள் மெஷின் மூன்று வாரம் சும்மா நிற்கும். அப்போது தொடங்குகிற கடன் எளிதில் நிற்காது.

ஊருக்கு ஊர் அரவை மில் இருக்கிறது. கிலோவுக்கு இவ்வளவு கூலி என்று அரைத்துக் கொடுப்பார்கள். மல்லியையும் வத்தலையும் நீங்களே காயவைத்து, உங்கள் பக்குவத்தில் வறுத்துக் கொண்டுபோய் அரைத்து வாருங்கள். சாதாரண கவரில் ஸ்டிக்கர் ஒட்டி, கையால் இழுக்கிற சீலிங் மெஷினில் மூடினால் போதும். நான் முதல் மூன்று வருடம் அப்படித்தான் ஓட்டினேன். அரவைக் கூலியாக மாதம் எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று எழுதிவாருங்கள். அந்தத் தொகை மெஷினுக்கான மாதத் தவணையையும் கரண்ட் பில்லையும் தாண்டி, ஆறு மாதம் தொடர்ந்து அப்படியே நின்றால் மெஷின் வாங்கலாம்.

கவர் அச்சடிப்பதிலும் இதே தவறு நடக்கும். கலர் பிரிண்ட் போட்ட கவர் வேண்டுமென்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் அச்சு உருளைக்கான சிலிண்டர் சார்ஜ் கொடுக்க வேண்டும், குறைந்தபட்சம் இவ்வளவு கிலோ எடுக்க வேண்டும் என்பார்கள். அவ்வளவு கவரையும் வாங்கி அடுக்கிய பிறகு பொடியின் அளவையோ பெயரையோ மாற்ற வேண்டி வந்தால் எல்லாம் எடைக்குத்தான் போகும்.

அடக்க விலையை உட்கார்ந்து எழுதுங்கள்

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். கீழே இருப்பவை இன்றைய மார்க்கெட் விலைகள் இல்லை, கணக்கு புரிவதற்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள்.

ஒரு கிலோ குழம்பு மிளகாய்த் தூளுக்கு மல்லி, வத்தல், மஞ்சள், மிளகு, சீரகம் எல்லாம் சேர்த்து 180 ரூபாய்ச் சரக்கு என்று வைத்துக்கொள்வோம். பலர் இதையே அடக்கம் என்று நினைக்கிறார்கள். காம்பு கிள்ளும்போது எடை போகும், தூசியும் கல்லும் போகும், காயும்போது ஈரம் போகும், அரைக்கும்போது கொஞ்சம் பறக்கும். எல்லாம் சேர்த்து நூற்றுக்கு எட்டு போனால் 180 என்பது 196 ஆகிவிடும். வறுக்கிற கேஸ், அரவைக் கூலி 14 சேர்த்தால் 210. நூறு கிராம் பாக்கெட் பத்துக்குக் கவரும் ஸ்டிக்கரும் 18, பாக்கெட் போடும் கூலி 10, அட்டைப் பெட்டியும் வண்டிச் செலவும் 12. மொத்தம் 250, அதாவது ஒரு பாக்கெட் 25 ரூபாய்.

கடைக்கு 28 ரூபாய்க்குக் கொடுக்கிறீர்கள். மூன்று ரூபாய் லாபம் என்று தோன்றும். இப்போது கடைக்காரர் "பத்து எடுத்தா ஒண்ணு ஃப்ரீ, எல்லா கம்பெனியும் தர்றாங்க" என்பார். சரி என்றீர்களானால் பாக்கெட்டுக்கு இரண்டரை ரூபாய் போயிற்று. நூற்றுக்கு இரண்டு பாக்கெட் ஓட்டை, பூச்சி, தேதி முடிந்தது என்று ரிட்டர்ன் வரும், அதில் ஐம்பது பைசா. மூன்று ரூபாயும் முடிந்துவிட்டது. இன்னும் வாடகை, கரண்ட், உங்கள் சம்பளம் எதையும் எழுதவே இல்லை.

ஆகவே ஃப்ரீ, ரிட்டர்ன், உங்கள் சம்பளம் மூன்றையும் முதல் நாளே அடக்கத்தில் சேர்த்து எழுதுங்கள். உங்கள் சம்பளம் என்று நான் சொல்வது இந்த வேலைக்கு வெளியாள் ஒருவரை வைத்தால் எவ்வளவு கொடுப்பீர்களோ அது. வீட்டு ஆட்களின் உழைப்புக்கும் அப்படித்தான். மனைவியும் அம்மாவும் காலையிலிருந்து பாக்கெட் போடுகிறார்கள், அதற்குக் கூலி எழுதாமல் லாபம் என்று சொல்லிக்கொண்டால் அது அவர்களுடைய கூலிதானே? அப்படிக் கணக்கெழுதி, விலை கட்டவில்லை என்று தெரிந்தால் அந்தப் பொருளைச் செய்யாதீர்கள். வேறு பொருள் பாருங்கள், அல்லது விலை அதிகம் கொடுத்து வாங்குகிற ஆட்களைத் தேடுங்கள்.

காசு எத்தனை நாளில் திரும்புகிறது?

வத்தலுக்குக் காசு கொடுத்த நாளிலிருந்து, அந்த வத்தல் பொடியாகி, பாக்கெட்டாகி, கடைக்குப் போய், அதற்கான ரூபாய் உங்கள் கைக்குத் திரும்பும் நாள் வரை எண்ணுங்கள். இதைத்தான் எங்கள் பக்கம் ரொட்டேஷன் என்போம்.

காயவைத்து அரைத்துப் பாக்கெட் போட ஒரு வாரம். உங்களிடம் ஸ்டாக்காக இருப்பது ஒரு வாரம். கடைக்காரர் சரக்கு இறக்கிய நாளிலிருந்து காசு தர இருபத்தாறு நாள். ஆக 40 நாள். ஒரு நாளைக்கு 5,000 ரூபாய் அடக்கமுள்ள சரக்கு போகிறது என்றால், எந்த நாளில் பார்த்தாலும் 2 லட்சம் ரூபாய் வெளியே நின்றுகொண்டிருக்கும். அது உங்கள் காசுதான், ஆனால் தொட முடியாது.

இப்போது விற்பனை இரட்டிப்பாகிறது. எல்லாரும் வாழ்த்துச் சொல்வார்கள். வெளியே நிற்கிற பணமும் 4 லட்சம் ஆகிவிடும். அந்தக் கூடுதல் 2 லட்சம் எங்கிருந்து வரும்? நாளுக்கு 1,000 ரூபாய் லாபம் வந்து, அதில் ஒரு பைசா வீட்டுக்கு எடுக்காமல் விட்டாலும் 200 நாள் ஆகும். அதுவரை வத்தல் கடைக்கு யார் கொடுப்பது? இங்கேதான் நகை அடகுக்குப் போகிறது, தினவசூல்காரர் வீட்டு வாசலுக்கு வருகிறார். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. இருந்தும் காலையில் சரக்கெடுக்கக் காசில்லாதவனுக்குச் சட்டம் ஞாபகத்துக்கு வராது.

எனக்கு இது ஐந்தாவது வருடத்தில் நடந்தது. மதுரையில் ஒரு பெரிய கடை, நாலைந்து கிளைகள், மாதம் நான் விற்றதில் பாதியை அவர்களே எடுத்தார்கள். முதலில் 30 நாள் கடன் என்றார்கள், பிறகு 60, பிறகு 90. ஆர்டர் கூடிக்கொண்டே போனதால் நான் கேட்கவில்லை. ஒரு நாள் கிளைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. எனக்கு வர வேண்டியிருந்தது அப்போதைய என் மொத்த முதலைவிட அதிகம், வந்தது அதில் கால்வாசி. அந்த வருடம் என் கணக்குப் பேரேட்டைப் பார்த்தால் நல்ல லாபம் என்றுதான் இருக்கும்.

அதற்குப் பிறகு நான் மாற்றாமல் வைத்திருக்கிற வழக்கங்கள் இவை. சிறிய கடைகளுக்குப் பில்லுக்குப் பில்தான், போன முறை இறக்கிய சரக்குக்குக் காசு கொடுத்தால்தான் இந்த முறை சரக்கு. புதுக் கடைக்கு முதல் முறை பத்துப் பாக்கெட்டுக்கு மேல் இறக்குவதில்லை. எந்த ஒரு ஆளிடமும் என் மொத்த விற்பனையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகவிடுவதில்லை, எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும். ஒவ்வொரு கடைக்கும் ஒரு கடன் வரம்பு எழுதி, கடை கடையாகச் சரக்கு இறக்குகிற லைன் வண்டித் தம்பியிடம் கொடுத்திருக்கிறேன், அதைத் தாண்டினால் எனக்குப் போன் வரும். கடைக்காரர் கோபித்துக்கொள்வாரே என்று பயப்படுவீர்கள். சரக்கு ஓடினால் அவர் காசு கொடுத்து வாங்குவார். ஓடாத சரக்கைக் கடனுக்கு இறக்கிவிட்டு வருவதை நான் விற்பனை என்று எழுதுவதில்லை.

சின்னப் பாக்கெட்டின் அருமையும் இங்கேதான் தெரியும். பத்து ரூபாய்ப் பாக்கெட்டில் மார்ஜின் குறைவு, கவர் செலவு அதிகம். ஆனால் பெட்டிக்கடையில் நாலு நாளில் காலியாகும், காசும் உடனே வரும். கடலூரிலிருந்து வந்த சி.கே. ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாயில் தொடங்கிய ஷாம்புத் தொழிலும் இப்படிச் சின்னப் பாக்கெட்டில்தான் கிராமத்துக்குள் போனது. காலிப் பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தால் ஒரு ஷாம்பு இலவசம் என்று அவர் செய்ததைத் தொழில் படிக்கிறவர்கள் இன்றும் பேசுகிறார்கள். அன்றன்று கூலி வாங்குகிற வீடு அன்றைக்குத் தேவையான அளவை ரொக்கம் கொடுத்து வாங்கும் என்பது அதில் நான் எடுத்துக்கொண்ட பாடம்.

எங்கே விற்பது

முதலில் வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் முப்பது கடை. அவ்வளவுதான். நீங்களே போங்கள், ஆள் அனுப்பாதீர்கள். முதல் ஆர்டர் உங்கள் முகத்துக்காக வரும், இரண்டாவது பழக்கத்துக்காக வரும். மூன்றாவது முறை கடைக்காரர் தானாகக் கேட்டால்தான் பொடியை ஜனங்கள் கேட்கிறார்கள் என்று அர்த்தம். முப்பதில் பதினைந்து கடை மூன்றாவது ஆர்டர் கொடுக்கும்வரை அடுத்த ஊருக்குப் போகாதீர்கள்.

பெரிய நகரம் என்றால்தான் வியாபாரம் என்ற நினைப்பையும் விடுங்கள். ஆர்.ஜி. சந்திரமோகன் 1970-இல் சென்னை ராயபுரத்தில் 13,000 ரூபாயில் ஐஸ் தயாரிக்கத் தொடங்கினார். சென்னையில் பெரிய கம்பெனிகளோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு, 80-களின் தொடக்கத்தில் வெளியூர்ச் சிறு நகரங்கள் பக்கம் திரும்பிய பிறகுதான் அருண் ஐஸ்கிரீம் வளர்ந்தது. அதுவே பிறகு ஹட்சன் பால் கம்பெனி ஆனது. பெரிய கம்பெனியின் வண்டி வாரம் ஒருமுறை வருகிற ஊரில் நீங்கள் இரண்டு முறை போகலாம், தீர்ந்துபோன சரக்கை அன்றே கொடுக்கலாம்.

கொள்முதல்

வத்தல் புதுவரத்து பிப்ரவரி வாக்கில் தொடங்கி மே வரை வரும், மல்லியும் ஈரோடு மஞ்சளும் ஏறக்குறைய அதே சமயம்தான். விலை இறங்கி நிற்கும்போது "வாங்கிப் போட்டால் ஆடியில் ஏறும்" என்று யாராவது சொல்வார்கள். ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும். குளிர்பதனக் கிடங்கில் வைத்துப் பார்த்து விற்பது தனித் தொழில், அதைச் செய்கிறவர்கள் தலைமுறையாகச் செய்கிறார்கள். நீங்கள் பொடி விற்க வந்தவர், இரண்டு மாதச் சரக்குக்கு மேல் காசை மூட்டையில் கட்டாதீர்கள்.

மூட்டையை மேலே மட்டும் பிரித்துப் பார்க்காமல் அடியிலிருந்தும் கை விட்டு எடுங்கள். வத்தலைக் குலுக்கினால் விதை சலசலக்க வேண்டும், வளைத்தால் ஒடிய வேண்டும். ஈரச் சரக்கு எடையில் ஏமாற்றும், பிறகு பூஞ்சணமும் பிடிக்கும். ஒரு முறை நாற்பது மூட்டை அவசரத்தில் எடுத்து, களத்தில் காய்ந்த பிறகு மூன்று மூட்டை எடை குறைந்து நின்றேன். ராமநாதபுரம் முண்டு வத்தலுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு பெயரைச் சொல்லி விற்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள், பார்த்து வாங்குங்கள். குண்டூர் வத்தலின் காரமும் நிறமும் வேறு. எது உங்கள் பொடிக்கு என்று முடிவுசெய்துவிட்டால் விலை ஏறினாலும் மாற்றாதீர்கள். போன மாதம் வைத்த குழம்பின் நிறம் இந்த மாதம் இல்லையென்றால் வீட்டில் இருக்கிறவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

காகித வேலைகள்

இதில் பயப்பட ஒன்றுமில்லை. உணவுப் பொருள் என்றால் விற்பதற்கு முன்பே உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும், வீட்டில் செய்தாலும் வேண்டும். அந்த 14 இலக்க எண்ணைப் பாக்கெட்டில் போட வேண்டும். பெயர், முகவரி, நிகர எடை, எல்லா வரியும் சேர்ந்த எம்.ஆர்.பி., தயாரித்த மாதம் வருடம், புகாருக்கான தொலைபேசி எண், சைவக் குறியீடு, இவையெல்லாம் பாக்கெட்டில் இருக்கிறதா என்று அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் தெரிந்தவரிடம் காட்டிச் சரிபாருங்கள். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு அரசு இணையதளத்தில் முழுக்க இலவசம், ஆதாரும் பான் எண்ணும் போதும். அதற்குக் காசு கேட்கிற இணையதளங்கள் எல்லாம் தனியாருடையவை. பெயரை வர்த்தகச் சின்னமாகப் பதிய தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் இணையத்தில் 4,500 ரூபாய்க் கட்டணம், மசாலா வருவது 30-ஆம் வகுப்பில். பெயர் பிரபலமான பிறகு செய்யலாம் என்று தள்ளிப்போடாதீர்கள், கவர் அடிப்பதற்கு முன்பே அதே பெயர் வேறு யாருக்காவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

ஜி.எஸ்.டி. பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சரக்கு விற்கிறவருக்குத் தமிழ்நாட்டில் வருட விற்பனை 40 லட்சம் தாண்டினால் பதிவு கட்டாயம், வெளிமாநிலத்துக்கு விற்றால் முதல் ரூபாயிலிருந்தே வேண்டும். பதிவு செய்துவிட்டால் பில் போட்ட மாதத்துக்கே வரி. கடைக்காரர் காசு கொடுத்தாரா என்று யாரும் கேட்க மாட்டார்கள். மசாலாவுக்கு 5 சதவீதம், வாங்கும்போது கட்டியதைக் கழித்துக்கொண்டு மீதியைக் கட்ட வேண்டும். 90 நாள் கடனுக்கு விற்றால் உங்களுக்கு வராத காசுக்கு நீங்கள் முதலிலேயே வரி கட்டியிருப்பீர்கள். மேலே சொன்ன ரொட்டேஷன் கணக்கில் இதையும் சேருங்கள், வரிப் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள்.

உத்யம் பதிவால் ஒரு நல்ல பயன் உண்டு. 2006-ஆம் வருடத்துச் சிறுதொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் வாங்கியவர் 45 நாளுக்குள் காசு தர வேண்டும், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கிற வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம், அரசு இணையதளத்தில் மனுவும் போடலாம். 2024 ஏப்ரலிலிருந்து, குறு, சிறு உற்பத்தியாளருக்கு அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை வாங்கியவர் தன் வருமான வரியில் அந்த வருடச் செலவாகக் காட்டவும் முடியாது. அதனால் பெரிய கடைகளுக்குப் போடுகிற ஒவ்வொரு பில்லிலும் உத்யம் எண்ணை அச்சடியுங்கள். எனக்கு அன்றைக்கு இந்த வசதி இல்லை.

கடனும் மானியமும்

முத்ராவில் 50,000 வரை, 5 லட்சம் வரை, 10 லட்சம் வரை என்று படிகள் உண்டு, சொத்துப் பிணை கேட்கக் கூடாது. பெரிய திட்டங்களுக்கு மாவட்டத் தொழில் மையத்துக்கு நேரே போங்கள், தமிழக அரசின் நீட்ஸ், யு.ஒய்.இ.ஜி.பி., மத்திய அரசின் பி.எம்.இ.ஜி.பி. போன்ற மானியத்தோடு கடன் தருகிற திட்டங்களுக்கு அங்கே வழி சொல்வார்கள். இடைத்தரகர் வேண்டாம்.

மானியத்தைக் கையில் வரும் காசாக எண்ணித் தொழில் போடுகிறவர்கள் ரொம்பத் துன்பப்படுகிறார்கள். இந்தத் திட்டங்களில் மானியம் பெரும்பாலும் வங்கியிலேயே வைப்பாக நின்று, சில வருடம் தொழில் ஒழுங்காக நடந்த பிறகு கடனில் கழியும். தவணை முதலிலிருந்தே ஓடும். அதனால் விண்ணப்பம் போடும்போது மெஷினுக்கு மட்டும் கேட்காமல் ரொட்டேஷனுக்கான தொகையையும் சேர்த்துத் திட்ட அறிக்கையில் எழுதுங்கள், மேலே போட்ட 40 நாள் கணக்கை அப்படியே காட்டுங்கள். மேலாளர் உங்களை வேறு மாதிரி பார்ப்பார்.

கூட்டாளி சேர்ப்பதாக இருந்தால், நெருங்கிய சிநேகிதனாக இருந்தாலும், யார் எவ்வளவு போட்டது, மாதம் யாருக்கு எவ்வளவு சம்பளம், ஒருவர் விலகினால் எப்படிக் கணக்கு முடிப்பது என்ற மூன்றையும் பத்திரத்தில் எழுதுங்கள். சண்டை வந்த பிறகு எழுத முடியாது.

சனிக்கிழமை ஒரு மணி நேரம்

வாரம் ஒரு தடவை, எனக்குச் சனிக்கிழமை சாயங்காலம், நாலு எண்களை ஒரே பக்கத்தில் எழுதுகிறேன். கையிலும் வங்கியிலும் இருக்கும் ரொக்கம். கடைகளிலிருந்து வர வேண்டிய பாக்கி. நான் கொடுக்க வேண்டியது. கிடங்கில் இருக்கும் சரக்கின் அடக்கம். போன வாரத்தோடு ஒப்பிட்டால் போதும், பெரிய மென்பொருள் எதுவும் தேவையில்லை. விற்பனை ஏறாமல் பாக்கி மட்டும் ஏறுகிறது என்றால் திங்கட்கிழமை லைன் வண்டி சரக்கு இல்லாமல் வசூலுக்கு மட்டும் போகும். வீட்டுச் செலவுக்கு மாதம் ஒரு தொகை, அதற்கு மேல் கல்லாவில் கை வைப்பதில்லை.

மதுரைக் கடை மூடிய அந்த வாரம், இந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு நான் வத்தல் வாங்கும் கமிஷன் கடை முதலாளியிடம் போனேன். அவருக்கே நான் நிறையக் கொடுக்க வேண்டியிருந்தது. எதையும் மறைக்காமல் காட்டி, மாதம் இவ்வளவுதான் என்னால் முடியும் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் எண்களைப் பார்த்துவிட்டு, பழைய பாக்கிக்குத் தனி நோட்டுப் போடச் சொன்னார், அன்றைக்கே பத்து மூட்டை ஏற்றிவிட்டார். பழைய நோட்டை முடிக்க எனக்கு இரண்டு வருடம் நாலு மாதம் ஆனது.